அகதி அந்தஸ்து கிடைத்த பிறகு இங்கிலாந்தில் முதுமாணிப் படிப்பு: கட்டணம், கடன், உதவித்தொகை

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகம் கேட்டிருக்கும் 27,000 பவுண்ட் நீங்கள் கட்டவேண்டிய தொகை இல்லை. கீழே சொல்வதைச் செய்து முடிக்கும்வரை ஒரு பென்னிகூட முற்பணம் அனுப்பாதீர்கள்.

வாசிக்கிற மற்றவர்களுக்காக உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் தருகிறேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியலில் நான்கு வருடச் சிறப்புப் பட்டம் முடித்தவர் நீங்கள். மார்ச் மாதம் உங்கள் கேஸை ஹோம் ஆபிஸ் (பிரித்தானிய உள்துறை அமைச்சு) ஏற்று அகதி அந்தஸ்து கொடுத்திருக்கிறது. செப்டம்பரில் லண்டனில் தரவு அறிவியலில் எம்எஸ்சி படிக்க விண்ணப்பித்தீர்கள்; இடம் கிடைத்தது, ஆனால் ஓவர்சீஸ் கட்டணம், அதாவது வெளிநாட்டு மாணவருக்கான உயர்ந்த கட்டணம், 27,000 பவுண்ட் என்று கடிதம் வந்திருக்கிறது. "இங்கே மூன்று வருடம் இருந்தால்தான் ஹோம் கட்டணம்" என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்; ஹோம் கட்டணம் என்பது இந்நாட்டு மாணவருக்கான குறைந்த கட்டணம். குடும்ப இணைவில் வந்த மனைவிக்கும் படிக்க விருப்பம். மாணவர் விசாவில் வந்து இங்கேயே ஒரு முதுமாணி முடித்து, பிறகு அசைலம் (புகலிடம்) கேட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் மச்சானுக்கு ஏதாவது வழி உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்வதெல்லாம் இங்கிலாந்துக்குப் பொருந்தும். ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு விதிகளும் கடன் தொகைகளும் வேறு.

மூன்று வருட விதி இருப்பது உண்மைதான். அது இங்கே நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும் வேறு சில விசாக்காரருக்கும் உரியது. இங்கிலாந்தில் யாருக்கு என்ன கட்டணம் என்பதைத் தீர்மானிப்பவை 2007ஆம் ஆண்டின் கல்விக் கட்டண விதிமுறைகள். அவற்றில் அகதிகளுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அரசு உங்களை அகதியாக ஏற்றிருக்க வேண்டும். ஏற்ற நாளிலிருந்து வழமையான வதிவிடம் பிரித்தானியாவாக இருக்க வேண்டும். படிப்பின் முதல் கல்வியாண்டு தொடங்கும் நாளில் இந்த நிலை உங்களுக்கு இருக்க வேண்டும். இவ்வளவுதான். எத்தனை வருடம் இருந்தீர்கள் என்ற கேள்வியே அகதிக்கு இல்லை. மார்ச்சில் அந்தஸ்து கிடைத்தவர் செப்டம்பரில் ஹோம் மாணவர்.

அப்படியானால் பல்கலைக்கழகம் ஏன் 27,000 கேட்டது? பெரும்பாலும் யாரும் உங்கள் கோப்பைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். இணைய விண்ணப்பத்தில் குடியுரிமை என்ற இடத்தில் இலங்கை என்று போட்டிருப்பீர்கள், போடத்தான் வேண்டும். பிறந்த நாடு இலங்கை, பட்டம் பெற்றது இலங்கை. இந்த மூன்றையும் கண்டதும் கணினி ஓவர்சீஸ் என்று பதிந்துவிடுகிறது. விசா வகை கேட்கும் பட்டியலில் "அகதி" என்ற தெரிவு சில படிவங்களில் கடைசியில் கிடக்கும், சிலவற்றில் "வேறு" என்பதற்குள் மறைந்திருக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை இப்படி வந்த கடிதத்தை நம்பி, கடன் வாங்கி முற்பணம் கட்டிவிட்டாள். அதைத் திருப்பி எடுக்க அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால்தான் முதலிலேயே காசு அனுப்பாதீர்கள் என்றேன்.

இப்போது செய்யவேண்டியது இது. அனுமதிப் பிரிவுக்கு மின்னஞ்சல் எழுதி, கட்டண நிலையை மறுமதிப்பீடு செய்யும் படிவத்தைக் கேளுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அப்படி ஒரு படிவம் உண்டு. அதோடு ஹோம் ஆபிஸ் அந்தஸ்து வழங்கிய கடிதத்தின் பிரதியையும், உங்கள் ஈ-விசாவைப் பார்க்க உதவும் ஷேர் கோடையும் அனுப்புங்கள். பிஆர்பி என்ற வதிவிட அனுமதி அட்டையின் காலம் முடிந்துவிட்டதால் இப்போது ஷேர் கோட்தான் சான்று. அது 90 நாளில் காலாவதியாகும், எனவே அனுப்பும் அன்று எடுங்கள். மின்னஞ்சலில் நீண்ட கதை வேண்டாம். "பிரித்தானிய அரசால் இன்ன தேதியில் அகதியாக ஏற்கப்பட்டேன், அன்றிலிருந்து இங்கிலாந்தில் வசிக்கிறேன், 2007 கட்டண விதிமுறைகளின் அகதிகள் பிரிவின் கீழ் என் நிலையை மதிப்பிடவும்" என்று ஒரு வசனம் போதும். எந்தப் பிரிவு என்று பெயர் சொல்லிக் கேட்டால் அந்த மேசையில் இருப்பவருக்கும் வேலை லேசாகும்.

படிவத்துக்கு அவர்கள் கேட்கும் காகிதத்தை மட்டும் கொடுங்கள். நேர்காணல் பதிவு, மருத்துவ அறிக்கை, சொலிசிட்டர் எழுதிய வாக்குமூலம் எதுவும் கட்டணப் பிரிவுக்குத் தேவையில்லை. உங்களுக்கு நடந்தவற்றை இனி யாருக்குச் சொல்வது என்பது உங்கள் உரிமை. யாராவது கேட்டால், அந்தஸ்துக் கடிதமே போதுமானது என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

பதிவு செய்து வகுப்புக்குப் போவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். பல இடங்களில் பதிவுக்குப் பிறகு மறுமதிப்பீடு கேட்பதற்குக் குறுகிய கெடுதான் தருவார்கள். அவர்கள் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வெளிநாட்டு மாணவர் விவகாரங்களுக்கான பிரித்தானியக் கவுன்சில், எல்லோரும் யுகீசா என்று சொல்வது, இந்த விதிகளை ஒவ்வொரு பிரிவாக விளக்கித் தன் இணையத்தளத்தில் வைத்திருக்கிறது. பல்கலைக்கழக ஊழியர்களும் அதைத்தான் பார்க்கிறார்கள். பதிவுசெய்த மாணவராகி, உள்முறையீடு எல்லாம் முடிந்தும் தீரவில்லை என்றால் உயர்கல்விக்கான சுயாதீன நடுவர் அலுவலகத்துக்குப் போகலாம். பல்கலைக்கழகம் தரும் முடிவுக் கடிதத்திலிருந்து 12 மாதம் அவகாசம், செலவு இல்லை.

மேலே "முதல் கல்வியாண்டு தொடங்கும் நாள்" என்றேன். இதைக் கவனிக்காமல் பணத்தை இழப்பவர்களை அடிக்கடி பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அது வகுப்புத் தொடங்கும் நாள் இல்லை. ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை தொடங்கும் படிப்புகளுக்கு அந்த நாள் செப்டம்பர் 1. ஜனவரி முதல் மார்ச் வரை தொடங்குபவற்றுக்கு ஜனவரி 1. ஏப்ரல் முதல் ஜூன் வரை என்றால் ஏப்ரல் 1. ஜூலையில் தொடங்கினால் ஜூலை 1.

ஒருவருக்கு செப்டம்பர் 10ஆம் தேதி அந்தஸ்து வருகிறது, வகுப்பு 22ஆம் தேதி தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வகுப்பு தொடங்கும் முன்பே கையில் அந்தஸ்து இருக்கிறது. ஆனால் விதிப்படி பார்க்கிற நாள் செப்டம்பர் 1, அன்று அவர் இன்னும் அசைலம் கேட்டுக் காத்திருப்பவர்தான். படிக்கும்போது அகதியாக ஏற்கப்பட்டால் அடுத்த கல்வியாண்டிலிருந்து நிலை மாறும் என்று விதி இருக்கிறது. மூன்று வருடப் பட்டத்துக்கு அது உதவும். ஒரே வருடத்தில் முடியும் எம்எஸ்சிக்கு அடுத்த ஆண்டு என்ற ஒன்றே இல்லையே! அப்படிப்பட்டவர் முதலில் ஹோம் கட்டணம் தரும்படி பல்கலைக்கழகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். ஹோம் கட்டணம் கொடுத்தே ஆகவேண்டியவர்கள் யார் என்றுதான் விதி சொல்கிறது, மற்றவர்களுக்குக் குறைத்துக் கொடுப்பதை அது தடுக்கவில்லை. மறுத்தால் ஜனவரித் தொடக்கத்துக்கு மாற்றிக் கேட்பது நல்லது. நான்கு மாதப் பொறுமை பத்துப் பதினைந்தாயிரம் பவுண்டை மிச்சப்படுத்தும். உங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் முடிவு எந்த வாரமும் வரலாம் என்று காத்திருக்கும் உங்கள் நண்பர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மனைவியின் விஷயம் சுலபம். நீங்கள் அசைலம் கேட்ட நாளில் அவர் உங்கள் மனைவியாக இருந்தாரா என்பதுதான் கேள்வி. குடும்ப இணைவில் வந்தார் என்றால் திருமணம் அதற்கு முன்பே நடந்திருக்கும். அவருக்கும் மூன்று வருடக் காத்திருப்பு இல்லை; திருமணச் சான்றிதழையும் உங்கள் அந்தஸ்துக் கடிதத்தையும் சேர்த்துக் காட்ட வேண்டும். கேஸ் போட்ட பிறகு கல்யாணம் செய்து அழைத்தவர்களுக்கு இந்த வழி இல்லை, அவர்கள் வேறு பிரிவில் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கும் இதே கணக்குத்தான்: நீங்கள் அசைலம் கேட்ட நாளில் பிள்ளையாகவும் 18 வயதுக்குக் கீழும் இருந்திருக்க வேண்டும்.

இனிக் கடன். இங்கிலாந்தில் முதுமாணிக்கு ஹோம் கட்டணத்துக்கு உச்சவரம்பு கிடையாது. பட்டப்படிப்புக்கு 2025/26இல் 9,535 பவுண்ட் என்று அரசு வரையறுத்தது போல முதுமாணிக்கு எதுவும் இல்லை. ஒரே பெயருள்ள எம்எஸ்சி ஓரிடத்தில் பத்தாயிரத்துக்குள் இருக்கும், இன்னோரிடத்தில் இருபதாயிரத்தைத் தாண்டும். சில வணிகக் கல்லூரிகள் ஹோம், ஓவர்சீஸ் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லோருக்கும் ஒரே உயர்ந்த கட்டணம் வைத்திருக்கின்றன. அங்கே உங்கள் அந்தஸ்தால் கட்டணத்தில் எந்தப் பயனும் இல்லை. ஆகவே ஹோம் மாணவர் என்று உறுதியானதும் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஹோம் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். பிறகு கடன் தொகையைப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போடுங்கள்.

முதுமாணிக் கடன் 2016இல் 10,000 பவுண்டாகத் தொடங்கியது. 2025/26இல் தொடங்கும் படிப்புக்கு உச்சம் 12,858 பவுண்ட். ஆண்டுதோறும் கொஞ்சம் ஏற்றுகிறார்கள். குடும்ப வருமானம் பார்ப்பதில்லை, கட்டணத்துக்கு இவ்வளவு, சாப்பாட்டுக்கு இவ்வளவு என்று பிரிப்பதில்லை. முழுத் தொகையும் உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும், கட்டணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டும். பட்டப்படிப்பு மாணவர்களுக்குக் கட்டணம் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போகிறது, முதுமாணிக்கு அப்படியில்லை. ஒரு வருடப் படிப்பு என்றால் மூன்று தவணை: 33, 33, 34 சதவீதம். முதல் தவணை சுமார் 4,243 பவுண்ட். அதுவும் நீங்கள் பதிவு செய்துவிட்டதாகப் பல்கலைக்கழகம் உறுதிப்படுத்திய பிறகுதான் வரும். ஆனால் பதிவின்போதே பாதிக் கட்டணம் கேட்கும் இடங்கள் உண்டு. கட்டணம் 11,500 என்றால் முதல் நாளே 5,750 வேண்டும், கையில் 4,243கூட இன்னும் வந்திருக்காது. பலர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நிதிப் பிரிவுக்கு ஆகஸ்ட்டிலேயே எழுதி, "அரசுக் கடன் தவணைத் தேதிகளுக்கு ஏற்பக் கட்ட அனுமதியுங்கள்" என்று கேளுங்கள். கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் கொடுக்கிறார்கள்.

திருப்பிக் கட்டுவதைப் பற்றி அதிகம் பயப்பட வேண்டாம். வருட வருமானம் 21,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 6 சதவீதம். 30,000 சம்பளம் என்றால் வருடத்துக்கு 540, அதாவது மாதம் 45 பவுண்ட். வேலை இல்லையென்றால் கட்ட வேண்டியதில்லை. 30 வருடம் கழித்து மிச்சம் தள்ளுபடி ஆகும். வட்டி உண்டு, குறைவில்லை. விலைவாசிக் குறியீட்டோடு 3 சதவீதம் வரை போகும். ஊரில் சீட்டுப் பிடித்தோ, இங்கே தெரிந்தவரிடம் மாத வட்டிக்கு எடுத்தோ படிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

கடனுக்குச் சில நிபந்தனைகள். 60 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும். படிப்பு 180 கிரெடிட் உள்ள முழு முதுமாணியாக இருக்க வேண்டும். டிப்ளோமாவுக்கும் சான்றிதழ்ப் படிப்புக்கும் கிடைக்காது. இங்கிலாந்தில் வசிப்பவராக இருக்க வேண்டும், படிப்பு பிரித்தானியாவின் வேறு பகுதியில் இருந்தாலும் பரவாயில்லை. முக்கியமானது இது: உலகத்தின் எந்த மூலையிலும், யார் காசில் படித்திருந்தாலும், ஏற்கெனவே ஒரு முதுமாணிப் பட்டம் இருந்தால் கடன் இல்லை. கொழும்பிலோ பேராதனையிலோ சென்னையிலோ எடுத்த முதுமாணியும் கணக்கில் வரும். "சொல்லாமல் விட்டால் தெரியவா போகிறது" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அரசிடம் பொய்த் தகவல் கொடுத்துக் கடன் வாங்கியது பின்னாளில் நிரந்தர வதிவிடம், குடியுரிமை விண்ணப்பங்களில் வந்து நிற்கும். நீங்கள் சிறப்புப் பட்டத்தோடு நின்றவர், உங்களுக்குத் தடையில்லை. விண்ணப்பம் இலவசம், மாணவர் கடன் வழங்கும் அரசு அமைப்பான ஸ்டூடன்ட் ஃபினான்ஸ் இங்லாந்தில் கணக்கைத் திறந்து நீங்களே போடலாம். காசு வாங்கிக்கொண்டு போட்டுத் தருகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள்.

கடனில் கட்டணம் போனால் மிச்சம் ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோதான். லண்டன் வாடகைக்கு அது ஒரு மாதம்கூடத் தாங்காது. அதனால் சாப்பாட்டுக்கும் வீட்டுக்கும் என்ன வழி என்று முதலிலேயே தீர்மானிக்க வேண்டும். மாணவர் விசாக்காரருக்கு உள்ள வாரம் 20 மணி நேரக் கட்டுப்பாடு அகதிக்கு இல்லை, எவ்வளவும் வேலை செய்யலாம். முழுநேர மாணவர் தனியாளாக இருந்தால் பொதுவாக யுனிவர்சல் கிரெடிட் (குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு அரசு தரும் உதவிப்பணம்) நின்றுவிடும். பிள்ளை இருந்தாலோ, படிக்காத துணைவர் சேர்ந்து உரிமை கோரினாலோ தொடரலாம். மனைவி இந்த வருடம் படிக்கவில்லை என்றால் உங்கள் வீட்டில் அது நிற்காது. ஆனால் கடனின் உச்சத் தொகையில் 30 சதவீதத்தை, அதாவது சுமார் 3,857 பவுண்டை, உங்கள் வருமானமாக எண்ணுவார்கள். அதைக் கல்வியாண்டின் மாதங்களுக்குப் பிரித்து, மாதம் 110 பவுண்டை விட்டுக்கொடுத்து, மீதியைக் கழிப்பார்கள். கடன் எடுக்கும் முன்பே வேலைவாய்ப்பு நிலையத்துக்குச் சொல்லிவிடுங்கள், சொல்லாமல் விட்டால் பிறகு மொத்தமாகத் திருப்பிக் கேட்பார்கள். இருவரும் ஒரே வருடத்தில் முழுநேரமாகப் படிக்கத் தொடங்குவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குங்கள், அல்லது ஒருவர் பகுதிநேரமாகப் படியுங்கள். கவுன்சில் வரியில் முழுநேர மாணவரை எண்ணுவதில்லை, பல்கலைக்கழகத்திலிருந்து மாணவர் சான்று எடுத்து உள்ளூராட்சிக்கு அனுப்புங்கள்.

இன்னொன்று, நம் ஆட்கள் கேட்கக் கூச்சப்படுவது. சிறையிலும் முகாமிலும் அனுபவித்தவற்றால் தூக்கமில்லாமை, கவனம் சிதறுதல், பயக்கனவு என்று பலர் தவிக்கிறார்கள். நீண்டகால மனநலப் பாதிப்பும் மாற்றுத்திறன் மாணவர் படியின் கீழ் வரும். முதுமாணி மாணவருக்கு 2025/26இல் அதன் உச்சம் 27,783 பவுண்ட். அது கையில் தரும் காசு இல்லை: மென்பொருள், தனிப்பட்ட வழிகாட்டி, போக்குவரத்து போன்ற தேவைகளுக்குச் செலவாகும். திருப்பிக் கட்டவும் வேண்டாம். குடும்ப வைத்தியரின் ஒரு கடிதத்தோடு தொடங்கலாம். இதை எடுத்தால் விசாவுக்கு இடைஞ்சல் வரும் என்ற பயம் பலரிடம் உண்டு. அப்படி எதுவும் இல்லை.

உதவித்தொகைக்கு வருவோம். அடைக்கலம் தேடி வருபவர்களை வரவேற்பதற்காக 2005இல் ஷெஃபீல்டில் தொடங்கிய சிட்டி ஆஃப் சாங்ச்சுவரி என்ற இயக்கம் நகரங்களிலிருந்து பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. அதனால் இன்று பல பல்கலைக்கழகங்கள் சாங்ச்சுவரி உதவித்தொகை என்ற பெயரில் இடம் வைத்திருக்கின்றன. கட்டண விலக்கும், பல இடங்களில் வாழ்க்கைச் செலவுக்கு ஒரு தொகையும் சேர்ந்து வரும். ஒக்ஸ்ஃபோர்டில் பட்டமேற்படிப்புக்கென்றே அகதி மாணவர்களுக்கான தனி உதவித்தொகை இருக்கிறது. கேம்பிரிட்ஜில் ரோவன் வில்லியம்ஸ் பெயரில் ஒன்று இருக்கிறது. ரெஃப்யூஜி எஜுகேஷன் யுகே என்ற அமைப்பும், ஸ்டார் என்ற மாணவர் இயக்கமும் எங்கெங்கே என்ன திறந்திருக்கிறது என்ற தகவலைத் திரட்டித் தருகின்றன, அங்கிருந்து தேடத் தொடங்குங்கள்.

எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் ஓரிரண்டு இடம், நிறைய என்றால் ஐந்தாறு. சில, கடனுக்கு உரிமை இல்லாதவர்களுக்கு மட்டும், அதாவது உங்கள் மச்சானைப் போன்றவர்களுக்கு. அவற்றுக்கு நீங்கள் போட்டால் வீண் உழைப்பு. தகுதிப் பகுதியை முதலில் வாசியுங்கள். பெரும்பாலானவை முதலில் படிப்புக்கு இடம் கிடைத்திருக்க வேண்டும் என்று கேட்கும். கடைசித் தேதிகள் பல ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் வந்துவிடும். ஜூலையில் தேடத் தொடங்குபவருக்கு அடுத்த வருடம்தான்.

விண்ணப்பத்தில் எழுதும் கடிதத்தைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, உறுதியாகவே சொல்கிறேன். நம் பிள்ளைகள் எழுதிக் காட்டும் கடிதங்களில் முதல் பக்கம் முழுவதும் பிடித்தது, அடித்தது, தப்பியது. ஹோம் ஆபிஸுக்கு எழுதி எழுதி அந்த ஓட்டம் கையில் ஒட்டிவிட்டது. அங்கே நீங்கள் நிரூபிக்க வேண்டியது உங்களுக்கு வந்த ஆபத்தை. இங்கே நிரூபிக்க வேண்டியது இந்தப் படிப்பை நன்றாகப் படித்து முடிப்பீர்கள் என்பதை. "2009இல் இடம்பெயர்ந்ததால் பள்ளிக்கூடம் ஒரு வருடம் நின்றது, அடுத்த வருடம் பரீட்சையில் இன்ன பெறுபேறு எடுத்தேன்" என்ற ஒரு வரி இரண்டையும் சொல்லிவிடும். அதற்குப் பிறகு பௌதிகவியலில் என்ன ஆய்வுக்கட்டுரை செய்தீர்கள், எந்தக் கணினி மொழியில் தரவைக் கையாண்டீர்கள், இந்த எம்எஸ்சியின் எந்தப் பாடத்துக்காக இங்கே வருகிறீர்கள் என்று எழுதுங்கள். காத்திருந்த காலத்தில் நூலகத்தில் படித்தது, ஆங்கில வகுப்பு, கோயிலிலோ தமிழ்ப் பள்ளியிலோ பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுத்தது எல்லாம் எழுதத் தகுந்தவை. உடம்பில் பட்ட காயத்தை விவரித்தால்தான் உதவி கிடைக்கும் என்று நினைக்காதீர்கள், அப்படி எதிர்பார்க்கும் உதவித்தொகையும் நல்ல உதவித்தொகை இல்லை.

மச்சானின் நிலை கடினம். மறைக்காமல் சொல்கிறேன். அசைலம் முடிவுக்காகக் காத்திருப்பவர் இங்கிலாந்தில் படிக்கக்கூடாது என்று பொதுவான தடை இல்லை. முடிவு வரும்வரை இங்கே இருக்க நிபந்தனையோடு அனுமதித்து அவருக்குக் கொடுத்த இமிகிரேஷன் பெயில் கடிதத்தில் படிப்புக்குத் தடை என்று நிபந்தனை போட்டிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால் சொலிசிட்டர் மூலம் நீக்கக் கேட்கலாம். இல்லையென்றால் படிக்கலாம், ஆனால் ஓவர்சீஸ் கட்டணம், அரசுக் கடன் கிடையாது, வேலை செய்யவும் பொதுவாக அனுமதி இல்லை. கைக்கு வருவது அசைலம் உதவி மட்டும்: 2025இல் அது வாரம் 49.18 பவுண்ட், சாப்பாடு தரும் ஹோட்டலில் என்றால் பத்துப் பவுண்டுக்குள். இதை வைத்துக்கொண்டு 27,000 பவுண்ட் கட்டு என்பது ஒரு மனிதனின் நல்ல வயதை வீணாக்குவது. கேஸ் இழுபடும் ஒவ்வொரு வருடமும் படித்தது மறக்கிறது, துறை முன்னே போய்விடுகிறது. இந்த விதியை மாற்ற வேண்டும் என்று ஸ்டார் போன்ற அமைப்புகள் வருடக்கணக்காகப் போராடுகின்றன. அவர்கள் கேட்பது நியாயம்.

அவருக்குச் சாங்ச்சுவரி உதவித்தொகைதான் ஒரே வாசல், ஆனால் ஏற்கெனவே முதுமாணி முடித்தவர் என்பதால் இன்னொரு முதுமாணிக்குக் கொடுக்க யோசிப்பார்கள். ஒருவேளை கிடைத்தால், காசாகத் தரும் பகுதி அசைலம் உதவியைக் குறைக்கக்கூடும். பல பல்கலைக்கழகங்கள் இதைத் தெரிந்து பயணச்சீட்டு, மடிக்கணினி, புத்தகம் என்று பொருளாகத் தருகின்றன; அப்படிக் கேட்கலாம். ஹோம் ஆபிஸ் எந்த நேரமும் வேறு ஊருக்கு மாற்றிவிடும் என்பதையும் யோசித்துத்தான் இடத்தைத் தெரிவு செய்ய வேண்டும்.

அவருக்கு அந்தஸ்து கிடைத்த பிறகும் இங்கே எடுத்த முதல் முதுமாணி கடனுக்கு இடைஞ்சல்தான். அதற்காக எல்லாம் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். ஆசிரியர் பயிற்சியான பிஜிசிஇக்கு முன்பு படித்த முதுமாணி தடையில்லை; அதற்குப் பட்டப்படிப்பு மாணவருக்குரிய கட்டணக் கடனும் வாழ்க்கைச் செலவுக் கடனும் கிடைக்கும். கணிதம், பௌதிகம், இரசாயனம், கணினி ஆகிய பாடங்களுக்கு 2025/26இல் 29,000 பவுண்ட் வரியில்லாத ஊக்கத்தொகையும் உண்டு, அதைத் திருப்பிக் கட்ட வேண்டாம். பௌதிக ஆசிரியருக்கு இந்த நாட்டில் தட்டுப்பாடு. தம்பி, இதை உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வைத்தியர், பொறியியலாளர் என்று தொழிலுக்கு மறுதகுதி எடுக்க வேண்டியவர்களுக்கு ரெஃப்யுஎய்ட் என்ற அமைப்பு வட்டியில்லாக் கடன் கொடுக்கிறது.

ஆராய்ச்சியில் விருப்பம் இருந்தால் பிஎச்டியையும் யோசியுங்கள். உங்கள் சிறப்புப் பட்டத்தில் முதல் வகுப்போ இரண்டாம் வகுப்பு மேற்பிரிவோ இருந்தால் முதுமாணி இல்லாமலே எடுக்கும் இடங்கள் உண்டு. அரசு ஆராய்ச்சி மன்றத்தின் நிதியோடு இடம் கிடைத்தால் கட்டணம் முழுவதும் அவர்கள் பொறுப்பு, அதற்கு மேல் 2025/26இல் குறைந்தது 20,780 பவுண்ட் வரியில்லாத உதவித்தொகை. போட்டி கடுமைதான், ஆனால் அகதியை ஹோம் மாணவராகவே எண்ணுவார்கள். நிதி கிடைக்காதவர்களுக்குக் கலாநிதிக் கடன் இருக்கிறது, 2025/26இல் தொடங்கும் படிப்புக்கு 30,301 பவுண்ட் வரை, அது முழுப் படிப்புக்கும் சேர்த்து, அதனால் அதை மட்டும் நம்பி இறங்குவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஏற்கெனவே ஊரில் விரிவுரையாளராகவோ ஆய்வாளராகவோ இருந்தவர்களுக்கு காரா என்ற அமைப்பு இருக்கிறது. ஹிட்லர் ஆட்சியில் வேலையிழந்த அறிஞர்களைக் காக்க 1933இல் பிரித்தானியப் பொருளியலாளர் வில்லியம் பெவரிட்ஜ் முன்னின்று தொடங்கியது, இன்றும் இயங்குகிறது.

விசாக் காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். அகதி அந்தஸ்தை 30 மாதங்களுக்கு ஒருமுறை மீளாய்வு செய்யும் திட்டத்தை அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. ஒரு வருட எம்எஸ்சிக்கு அதனால் பாதிப்பில்லை. பகுதிநேரப் படிப்போ பிஎச்டியோ என்றால் நடுவில் புதுப்பிக்கும் நாள் வரும். காலாவதிக்கு முன்பே விண்ணப்பம் போட்டுவிட்டால் முடிவு வரும்வரை பழைய உரிமை தொடரும். ஒரு நாள் பிந்தினாலும் கடன் தவணை நின்றுபோகலாம்.

கடைசியாகச் சான்றிதழ்கள். பெறுபேற்று அட்டையை அத்தாட்சிப்படுத்த லண்டனில் உள்ள இலங்கைத் தூதரகத்துக்குப் போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். எந்த அரசிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு இங்கே நிற்கிறீர்களோ அதன் அலுவலகத்துக்குப் போய் உதவி பெறுவது உங்கள் அந்தஸ்தையே கேள்விக்குள்ளாக்கலாம். பாஸ்போர்ட் புதுப்பிப்பதும் அப்படித்தான். அதைச் செய்யும் எண்ணம் இருந்தால் சொலிசிட்டரைக் கேட்காமல் ஓரடியும் வைக்காதீர்கள். இங்குள்ள பல்கலைக்கழகங்களுக்குத் தூதரக முத்திரை பொதுவாகத் தேவையுமில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பதிவாளர் கிளையில் உங்கள் அனுமதிக் கடிதத்தோடு அம்மாவோ தங்கச்சியோ விண்ணப்பித்துப் பெறுபேற்று அட்டையின் பிரதி எடுத்து அனுப்பலாம். ஆனால் முதலில், அவர்கள் அங்கே போய் உங்கள் பெயரைச் சொல்வதில் அவர்களுக்குப் பயம் ஏதும் உண்டா என்று கேளுங்கள். பயம் என்றால், உங்களுக்குக் கற்பித்த விரிவுரையாளரின் மின்னஞ்சலை வைத்து இங்குள்ள அனுமதிப் பிரிவையே நேரே எழுதச் சொல்லலாம். அகதி மாணவர்கள் என்றால் காகிதம் முழுதாக இருக்காது என்று தெரிந்த பல்கலைக்கழகங்கள் நேர்காணல் வைத்தோ, இருக்கிற பிரதியை ஏற்றோ இடம் கொடுத்த சந்தர்ப்பங்கள் பல உண்டு, கேட்டுப் பாருங்கள்.